நான்காம் தந்தியின் சான்று: உக்குலேலே, கிட்டார் ஆகியவற்றின் சுருதியமைப்பும் கார்ட் வடிவங்களும் – ஒரு வரலாற்று ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

ஹவாய்த் தீவுகளின் அடையாளமாக அறியப்படும் உக்குலேலே பெரும்பாலும் 'இரண்டு தந்திகள் குறைக்கப்பட்ட சிறிய கிட்டார்' என்றே விளக்கப்படுகிறது. இரு கருவிகளின் கார்ட் வடிவங்களும் ஒத்திருப்பது இவ்விளக்கத்திற்கு வலுச் சேர்க்கிறது. அவ்வொற்றுமை எங்கிருந்து வந்தது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கிட்டார், மதீராத் தீவின் மஷேட், ரஜாவ் என்னும் கருவிகள், 1879க்குப் பிந்தைய ஹொனலூலு, 1920களின் அமெரிக்க இசைப் பதிப்புகள் ஆகியவற்றின் வழியே சுருதியமைப்பின் பயணம் தொடரப்படுகிறது. விரல் வடிவங்களின் ஒற்றுமை பொது மரபைக் காட்டுகிறது. உக்குலேலேயின் தனி வரலாற்றைக் காட்டுவது அதன் நான்காம் தந்தியே என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: உக்குலேலே, கிட்டார், சுருதியமைப்பு, கார்ட் வடிவம், மதீரா, ஹவாய், ரஜாவ், மஷேட்.

முன்னுரை

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் கருவியின் உடலமைப்பு, மரம், செய்தவர் பெயர், பெயர்ச்சொல்லின் பிறப்பு ஆகியவற்றையே முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். சுருதியமைப்பு அவ்வாறு கொள்ளப்படுவது குறைவு. தந்தியைத் தளர்த்தவும் இறுக்கவும் இயலும் என்பதால், சுருதி நிலையற்ற சான்று என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆயினும், ஒரு கருவியை வாசிப்போர் தலைமுறை தலைமுறையாக விரல்களில் சுமந்து செல்வது சுருதியமைப்பையும் அதிலிருந்து பிறக்கும் விரல் வடிவங்களையுமே ஆகும். கருவி உடைந்துபோன பின்னும் விரற்பழக்கம் அடுத்த கருவிக்குச் செல்கிறது.

உக்குலேலே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றதால், அதன் தோற்றம் குறித்த தேதிகளும் பெயர்களும் ஓரளவு தெளிவாகக் கிடைக்கின்றன. எனினும் அதன் சுருதியமைப்பு எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்குக் கருவியின் உடல் ஒரு விடையும் தந்திகள் வேறொரு விடையும் தருகின்றன. இம்முரண்பாட்டிலிருந்தே இவ்வாய்வு தொடங்குகிறது.

1. கலைச்சொற்களும் ஒப்பீட்டு அடிப்படையும்

ஒரே நேரத்தில் ஒலிக்கும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களின் கூட்டு 'கார்ட்' எனப்படும். அதற்குப் பெயர் தரும் சுரம் இங்கு மூலச்சுரம் எனவும், கூட்டில் மிகத் தாழ்வாக ஒலிக்கும் சுரம் தாழ்சுரம் எனவும் குறிக்கப்படுகின்றன. இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வீணையில் மெட்டு எனப்படுவதற்கு ஒப்பானது கிட்டாரின் ஃப்ரெட். இக்கட்டுரை மெட்டு என்னும் சொல்லையே ஆள்கிறது. ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு உள்ள இடைவெளி ஓர் அரைச்சுரம். ஷட்ஜத்திலிருந்து சுத்த மத்தியமம் வரை ஐந்து அரைச்சுரங்களும், அந்தர காந்தாரம் வரை நான்கு அரைச்சுரங்களும் உள்ளன.

இன்றைய கிட்டாரின் ஆறு தந்திகள் ஆறாம் தந்தியிலிருந்து முறையே ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ எனச் சுருதி கூட்டப்படுகின்றன. அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையிலான தொலைவு 5, 5, 5, 4, 5 அரைச்சுரங்கள். உக்குலேலேயின் நான்கு தந்திகள் நான்காம் தந்தியிலிருந்து ஜி, சி, ஈ, ஏ என அமைகின்றன. சுரப்பெயர்களை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தால் இவற்றின் இடைவெளி 5, 4, 5 அரைச்சுரங்களாகும். கிட்டாரின் முதல் நான்கு தந்திகளான டி, ஜி, பி, ஈ ஆகியவற்றின் இடைவெளியும் இதுவே. கிட்டாரின் ஐந்தாம் மெட்டில் எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தினால் அந்நான்கு தந்திகளும் ஜி, சி, ஈ, ஏ என ஒலிக்கும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கிட்டாரில் தந்திகள் தாழ்விலிருந்து உயர்வுக்கு ஒழுங்காக ஏறுகின்றன. மரபான உக்குலேலேயில் நான்காம் தந்தி அவ்வொழுங்கில் நிற்பதில்லை. வரிசைப்படி மிகத் தாழ்ந்திருக்க வேண்டிய ஜி ஒரு ஸ்தாயி உயர்த்தப்பட்டு, மூன்றாம் தந்தியாகிய சியைக் காட்டிலும் ஏழு அரைச்சுரங்கள் மேலே ஒலிக்கிறது. இவ்வாறு ஏறுவரிசை முறிந்து, ஓரத் தந்தி மீண்டும் உயர்ந்து நிற்கும் அமைப்பு இக்கட்டுரையில் 'மீளேற்றச் சுருதியமைப்பு' என வழங்கப்படுகிறது.

2. கார்ட் வடிவங்களின் ஒற்றுமை

இடைவெளிகள் ஒன்றாக இருப்பதால், கிட்டாரில் முதல் நான்கு தந்திகளில் விரல்கள் அமையும் வடிவம் உக்குலேலேயிலும் முறையான ஒரு கார்டைத் தரும். பெயர் மட்டும் ஐந்து அரைச்சுரம் உயரும். நான்காம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை அழுத்தப்படும் மெட்டுகளின் எண்களைக் கொண்டு இதனைக் காட்டலாம். சுழியம் என்பது அழுத்தப்படாத தந்தியைக் குறிக்கும்.

0-0-0-3: கிட்டாரில் ஜி மேஜர், உக்குலேலேயில் சி மேஜர்.
0-2-3-2: கிட்டாரில் டி மேஜர், உக்குலேலேயில் ஜி மேஜர்.
2-2-2-0: கிட்டாரில் ஏ மேஜர், உக்குலேலேயில் டி மேஜர்.
2-0-1-0: கிட்டாரில் சி மேஜர், உக்குலேலேயில் எஃப் மேஜர்.
2-0-0-0: கிட்டாரில் ஈ மைனர், உக்குலேலேயில் ஏ மைனர்.
2-2-1-0: கிட்டாரில் ஏ மைனர், உக்குலேலேயில் டி மைனர்.

கிட்டார் பயின்ற ஒருவர் உக்குலேலேயைக் கையில் எடுத்தவுடன் வாசிக்க இயல்வதற்கு இதுவே காரணம். உக்குலேலே கிட்டாரின் குறுக்கம் என்னும் கருத்து வேரூன்றியதற்கும் இதுவே காரணம் எனலாம். கணக்கின்படி அக்கருத்தில் பிழையில்லை. ஆனால் வரலாற்றின் திசையை அது தலைகீழாக்கிவிடுகிறது.

3. நான்கு தொகுதித் தந்திகளின் மரபு

16ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியக் கிட்டாரில் ஆறு தந்திகள் இல்லை. நான்கு தந்தித்தொகுதிகளே இருந்தன. பெரும்பாலான தொகுதிகள் இரட்டைத் தந்திகளால் ஆனவை. 1546இல் செவில் நகரில் வெளிவந்த அலோன்சோ முதார்ராவின் இசைநூல் இக்கருவிக்கான படைப்புகளைக் கொண்டுள்ளது. 1550களில் பாரிசில் அத்ரியான் லெ ருவா, கியோம் மோர்லே ஆகியோரின் கிட்டார் நூல்கள் அச்சேறின. 1555இல் வெளிவந்த தம் இசைக்கருவி நூலில் ஹுவான் பெர்முதோ இக்கருவியின் பழைய சுருதி, புதிய சுருதி என்னும் இரு முறைகளையும் விளக்குகிறார். புதிய சுருதியின் இடைவெளிகள் 5, 4, 5 அரைச்சுரங்கள். பழைய சுருதியில் நான்காம் தொகுதி மட்டும் ஒரு முழுச்சுரம் தாழ்த்தப்பட்டது.

எனவே 5-4-5 என்னும் கட்டமைப்பு ஆறு தந்திக் கிட்டாரைக் காட்டிலும் தொன்மையானது. கிட்டாருக்கு ஐந்தாம் தொகுதி பிற்காலத்தில் சேர்ந்தது. ஐந்து தொகுதிக் கிட்டாருக்கான கார்ட் வடிவங்களை எண்களால் வரிசைப்படுத்திய ஹுவான் கார்லோஸ் அமாத்தின் கையேடு 1596இல் முதலில் வெளிவந்ததாகக் கருதப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஆறு ஒற்றைத் தந்திகள் நிலைபெற்றன. ஆக, உக்குலேலே கிட்டாரிலிருந்து இரண்டு தந்திகளைக் கழித்துப் பெற்றதன்று. நான்கு தொகுதி அடித்தளத்தின்மீது கிட்டாரே இரண்டு தந்திகளைக் கூட்டிக்கொண்டது என்பதே காலவரிசைக்குப் பொருந்தும்.

மீளேற்றமும் கிட்டாருக்கு அயலானதன்று. நான்கு தொகுதிக் கிட்டாரின் நான்காம் தொகுதியில் ஒரு தந்தி தாழ்ந்தும் அதன் இணை ஒரு ஸ்தாயி உயர்ந்தும் கட்டப்படுவதுண்டு. 17ஆம் நூற்றாண்டின் ஐந்து தொகுதிக் கிட்டாரில் தாழ்தந்திகளை அறவே நீக்கி, நான்காம், ஐந்தாம் தொகுதிகளையும் மெல்லிய தந்திகளால் உயர்த்திக் கட்டும் முறை இருந்தது. 1674இல் வெளிவந்த காஸ்பர் சான்ஸின் கிட்டார் பயிற்சிநூல் இவ்விரு முறைகளையும் ஒப்பிடுகிறது. பக்கவாத்தியமாகத் தட்டி வாசிப்பதற்குத் தாழ்தந்தி ஏற்றது. தனித்தனிச் சுரங்களாக மீட்டுவதற்கு மெல்லிய தந்திகள் ஏற்றவை என்பது அவர் நிலைப்பாடு. பிற்காலக் கிட்டார் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றைக் கைவிட்டது.

4. மதீராவிலிருந்து ஹொனலூலுவுக்கு

ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில், போர்ச்சுகலுக்கு உரிய மதீராத் தீவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். அவர்களுள் நானூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிய 'ரேவன்ஸ்கிராக்' என்னும் கப்பல் 1879 ஆகஸ்டு மாதம் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. மனுவேல் நூனஸ், அகுஸ்தோ டயஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்னும் மூன்று தச்சர்களும் அக்கப்பலில் வந்தனர். மதீராத் தீவினர் ஹொனலூலுத் தெருக்களில் இரவுதோறும் இசைப்பதை, அவர்கள் வந்த சில நாள்களிலேயே உள்ளூர்ச் செய்தித்தாள் பதிவுசெய்துள்ளது. தோட்ட வேலைக்குப் பின்னர் இம்மூவரும் 1880களில் ஹொனலூலுவில் மரவேலையிலும் இசைக்கருவி செய்வதிலும் ஈடுபட்டனர். தீவுகளில் வளரும் கோவா மரத்தால் அவர்கள் செய்த சிறு கருவிகளே உக்குலேலே எனப் பெயர்பெற்றன.

அரசர் கலாக்காவுவா இக்கருவியை விரும்பி ஆதரித்தார். அரண்மனை விருந்துகளிலும் ஹுலா ஆடலிலும் அது இடம்பெற்றது. உக்குலேலே என்னும் சொல் பொதுவாகத் 'தாவும் தெள்ளுப்பூச்சி' என விளக்கப்படுகிறது. அரசி லிலியுவோகலானி அதனை 'இங்கு வந்துசேர்ந்த கொடை' எனப் பொருள்கொண்டார். 1893இல் அவரது ஆட்சி கவிழ்க்கப்பட்டு, 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. அரசவை ஏற்றுக்கொண்ட கருவி அரசவையைக் காட்டிலும் நீண்ட நாள் வாழ்ந்தது.

மதீராத் தீவினர் கொண்டுவந்த கருவிகளுள் இரண்டு இங்கு முதன்மையானவை. ஒன்று, நான்கு தந்திகள் கொண்ட மஷேட். பிராகின்யா என்றும் இது அழைக்கப்படும். இதன் சுருதி டி, ஜி, பி, டி. மற்றொன்று, ஐந்து தந்திகள் கொண்ட, உருவில் சற்றுப் பெரிய ரஜாவ். இதன் சுருதி டி, ஜி, சி, ஈ, ஏ. ஹவாயில் ரஜாவ் 'டாரோ பேட்ச் ஃபிடில்' எனப்பட்டது. டாரோ என்பது தீவினரின் முதன்மை உணவான சேப்பங்கிழங்கு.

5. உடலின் சான்றும் தந்தியின் சான்றும்

உக்குலேலேயின் அளவும் தந்திகளின் எண்ணிக்கையும் மஷேட்டை ஒத்தவை. அதனால் மஷேட்டே பெயர் மாறி உக்குலேலேயாயிற்று எனக் கூறுவது எளிது. சுருதியமைப்பு அதனை மறுக்கிறது. மஷேட்டின் இடைவெளிகள் 5, 4, 3 அரைச்சுரங்கள். கடைசி இடைவெளி ஐந்துக்குப் பதில் மூன்றாக இருப்பதால், கிட்டாரின் கார்ட் வடிவங்கள் அதன்மீது பொருந்தமாட்டா. எடுத்துக்காட்டாக, ஜி மேஜர் கார்டை வாசிக்கக் கிட்டாரில் முதல் தந்தியின் மூன்றாம் மெட்டை அழுத்த வேண்டும். மஷேட்டில் எந்தத் தந்தியையும் அழுத்தாமலே அக்கார்ட் ஒலிக்கும். உக்குலேலே மஷேட்டின் சுருதியையே கொண்டிருந்தால், மேலே காட்டிய ஆறு வடிவங்களும் அதில் இருந்திரா.

ரஜாவின் ஐந்தாம் தந்தியாகிய டியை விட்டுவிட்டால் எஞ்சுவது ஜி, சி, ஈ, ஏ. இதுவே உக்குலேலேயின் சுருதி. மஷேட்டின் உடலில் ரஜாவின் நான்கு தந்திச் சுருதி ஏறியதே உக்குலேலே என்னும் கருத்து இதனால் வலுப்பெறுகிறது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். 1830களிலேயே மெக்சிக்கோவிலிருந்து வந்த மாட்டிடையர் வழியாகக் கிட்டார் ஹவாயில் அறிமுகமாகியிருந்தது. அப்படியாயின் கிட்டாரின் முதல் நான்கு தந்திகளைப் பார்த்தே உக்குலேலேக்குச் சுருதி கூட்டியிருக்கலாம் அன்றோ? இடைவெளிகளை மட்டும் நோக்கினால் இதனை மறுக்க இயலாது. 5-4-5 என்பது ரஜாவுக்கும் கிட்டாருக்கும் பொது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது நான்காம் தந்தியே. ரஜாவில் ஐந்தாம் தந்தி டியும் நான்காம் தந்தி ஜியும் சியைவிட உயர்ந்து நிற்கும் மீளேற்ற அமைப்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் ஆறு தந்திக் கிட்டாரில் அது இல்லை. கிட்டாரைப் பின்பற்றிச் சுருதி கூட்டியவர் நான்காம் தந்தியை ஒரு ஸ்தாயி உயர்த்தியது ஏன் என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படும். ரஜாவைப் பின்பற்றினார் எனின் அத்தேவை எழாது. உயர்ந்து நிற்கும் அந்த ஜி தந்தி, கருவி வந்த வழியைச் சொல்லும் சான்றாகிறது.

பொருளியல்பும் இதற்குத் துணைநின்றது. சோப்ரானோ உக்குலேலேயில் அதிரும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 35 செ.மீ.; கிட்டாரில் அது ஏறத்தாழ 65 செ.மீ. குடல்நரம்புத் தந்தியே வழக்கில் இருந்த காலத்தில், இவ்வளவு குறுகிய நீளத்தில் தாழ்ந்த ஜியைப் பெறுவதற்குத் தந்தி மிகத் தடித்ததாக இருக்க வேண்டும். தடித்த குறுந்தந்தி மங்கலாக ஒலிக்கும். உயர்ந்த ஜிக்கு மெல்லிய தந்தியே போதும். ஆயின் இது மீளேற்றம் நிலைத்ததற்கான காரணமேயன்றி, அது வந்த வழியன்று. மஷேட் இதே சிறிய உடலில் மீளேற்றமின்றியே இயங்கியது.

6. வடிவம் ஒன்று, ஒலி வேறு

நான்காம் தந்தியின் உயர்வு கார்டின் உள்ளமைப்பையே மாற்றுகிறது. 0-2-3-2 வடிவத்தைக் கிட்டாரில் வாசித்தால் டி, ஏ, டி, எஃப் ஷார்ப் எனச் சுரங்கள் ஏறும். தாழ்சுரமே மூலச்சுரமாகிய டி. அதே வடிவம் உக்குலேலேயில் ஜி, டி, ஜி, பி எனப் பெயரளவில் அதே ஒழுங்கைத் தருகிறது. செவியில் விழுவது வேறு. நான்காம் தந்தியின் ஜியும் இரண்டாம் தந்தியின் ஜியும் ஒரே சுருதியில் ஒலிக்கின்றன. தாழ்சுரம் மூன்றாம் தந்தியின் டி ஆகிவிடுகிறது. மூலச்சுரம் அடியில் நில்லாமல் நடுவில் இரட்டித்து நிற்கிறது.

0-0-0-3 வடிவத்தில் நிகழ்வது இதன் எதிர்நிலை. கிட்டாரின் நான்கு தந்திகளில் தாழ்சுரம் டி. மூலச்சுரமாகிய ஜியை ஆறாம் தந்தியே அடியில் தர வேண்டும். உக்குலேலேயில் தாழ்சுரம் மூன்றாம் தந்தியின் சி, அதுவே மூலச்சுரம். கிட்டாரில் துணை வேண்டிய வடிவம் இங்குத் தானே முழுமை பெறுகிறது. ஒரே வரைபடம் ஒரு கருவியில் உறுதியாகவும் மற்றொன்றில் மிதப்பதுபோலவும் ஒலிப்பது இதனால்தான்.

ஒலிப்பரப்பும் வேறுபடுகிறது. அழுத்தப்படாத நிலையில் கிட்டாரின் தந்திகள் இரண்டு ஸ்தாயிகளைத் தழுவுகின்றன. மீளேற்ற உக்குலேலேயில் சி முதல் ஏ வரை ஒன்பது அரைச்சுரங்களே உள்ளன. ஆகவே கார்டின் சுரங்கள் நெருங்கி நிற்கும். கட்டைவிரலால் தாழ்சுரங்களை மாற்றி மாற்றி ஒலிக்கும் கிட்டார் முறை இங்கு அதே பயனைத் தராது. ஹவாய் இசையில் உக்குலேலே தாளத்தையும் நடுச்சுரங்களையும் தாங்க, தாழ்பகுதியைக் கிட்டார் ஏற்கும் பணிப்பகுப்பு இவ்வியல்புக்கு இசைந்தது.

7. அச்சுக் கட்டங்களும் நான்காம் தந்தியின் மறைவும்

1915இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் பன்னாட்டுக் கண்காட்சியின் ஹவாய் அரங்கு அமெரிக்கப் பெருநிலத்தில் உக்குலேலே மீதான பெருவிருப்பத்தைக் கிளப்பியது. கிட்டார் செய்துவந்த மார்ட்டின் நிறுவனம் 1916இல் உக்குலேலேகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1920களில் பாடல்களின் அச்சுப் படிகளில் பாடல்வரிக்கு மேலே சிறு கட்டங்களாக உக்குலேலே கார்ட் வடிவங்கள் இடம்பெறலாயின. இவ்வழக்கம் பரவப் பாடுபட்டவர்களுள் மே சிங்கி பிரீன் குறிப்பிடத்தக்கவர். உக்குலேலேயை முறையான இசைக்கருவியாக இசைக்கலைஞர் சங்கம் ஏற்க வேண்டும் எனவும் அவர் போராடினார்.

அக்காலப் பதிப்புகளில் ஏ, டி, எஃப் ஷார்ப், பி என்னும் சுருதி மிகுதியாகக் காணப்படுகிறது. இது ஜி, சி, ஈ, ஏ சுருதியை ஒரு முழுச்சுரம் உயர்த்தியது. 0-0-0-3 இதில் டி மேஜர் ஆகும். பெயர் மாறினும் வடிவமும் மீளேற்றமும் மாறவில்லை.

இக்கட்டங்கள் எந்தத் தந்தியில் எந்த மெட்டை அழுத்துவது என்பதை மட்டுமே காட்டுகின்றன. நான்காம் தந்தி உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது கட்டத்தில் தெரிவதில்லை. இசையெழுத்து அறியாத பல்லாயிரவருக்கு வாசிப்பின் கதவைத் திறந்த அதே அச்சுமுறை, இரு கருவிகளையும் பிரித்துக் காட்டும் ஒரே கூற்றை வெற்றிடமாக விட்டது. தாளில் உக்குலேலேயின் கட்டம் கிட்டார் கட்டத்தின் வலப்பாதிபோலத் தோன்றியது. குறுக்கப்பட்ட கிட்டார் என்னும் எண்ணத்திற்கு இத்தோற்றம் துணைபுரிந்திருக்க வேண்டும்.

1940களின் பிற்பகுதியில் தோன்றிய பாரிடோன் உக்குலேலே டி, ஜி, பி, ஈ எனக் கிட்டாரின் சுருதியையே ஏற்றது. அதில் மீளேற்றம் இல்லை. 1967 முதல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் பள்ளிகளில் ஜே. சால்மர்ஸ் டோன் வளர்த்த பயிற்சிமுறை ஏ, டி, எஃப் ஷார்ப், பி சுருதியில் நான்காம் தந்தியைத் தாழ்த்திக் கொண்டது. மெல்லிசையை இடையறாமல் தாழ்விலிருந்து உயர்வுக்கு வாசிக்க இது உதவியது. இவற்றைச் சிதைவு எனக் கொள்ள வேண்டியதில்லை. 17ஆம் நூற்றாண்டுக் கிட்டார் எதிர்கொண்ட தேர்வையே உக்குலேலேயும் மீண்டும் எதிர்கொண்டது. கிட்டார் தன் தேர்வை முடித்துக்கொண்டது. உக்குலேலேயில் இரு முறைகளும் இன்றும் அருகருகே வாழ்கின்றன.

முடிவுரை

உக்குலேலேயும் கிட்டாரும் பகிரும் கார்ட் வடிவங்கள், ஒன்று மற்றொன்றின் குறுக்கம் என்பதற்குச் சான்றல்ல. அவை 16ஆம் நூற்றாண்டிலேயே நிலவிய 5-4-5 இடைவெளி அமைப்பு இரு கருவிகளிலும் தொடர்வதைக் காட்டுகின்றன. மஷேட்டின் உடலும் ரஜாவின் சுருதியும் கோவா மரமும் ஹொனலூலுவில் ஒன்றுசேர்ந்தமையை உக்குலேலேயின் நான்காம் தந்தி காட்டுகிறது. உடலை மட்டும் நோக்கும் ஆய்வு மஷேட்டோடு நின்றுவிடும். அச்சிட்ட கார்ட் கட்டங்களை மட்டும் நோக்கும் ஆய்வு கிட்டாரோடு நின்றுவிடும். இரண்டும் கரும்புத் தோட்டத்திற்கு வந்த தொழிலாளரின் மற்றொரு கருவியை மறந்துவிடும்.

இசைக்கருவி வரலாற்றாய்வில் சுருதியமைப்பையும் விரல் வடிவத்தையும் ஆவணமாகக் கொள்ளும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. இடைவெளி ஒற்றுமை ஒன்றே நேரடி வழித்தோன்றலை நிறுவாது. குறியீட்டு முறை ஒவ்வொன்றும் சிலவற்றைக் காட்டிச் சிலவற்றை மறைக்கும். இவ்விரண்டையும் கருத்தில் கொண்டால், அருங்காட்சியகப் பேழையில் தந்தியிழந்து கிடக்கும் கருவியைக் காட்டிலும், வாசிப்போரின் விரற்பழக்கம் சில வேளைகளில் தெளிவான சான்றாக அமையக்கூடும்.